மே மாதம் எல்லாரும் கலைந்துபோகும் சங்கத்தில் பழையவர்களை எப்படித் தக்கவைப்பது?

வாசகி கேள்வி: அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், அரசுப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். இறுதியாண்டு மாணவர்களில் சிறந்தவர்களைத் தேர்ந்து சேர்க்கும் ‘மார்ட்டர் போர்டு’ (பட்டமளிப்பில் அணியும் சதுரத் தொப்பியின் பெயர்) ஹானர் சொசைட்டிக்கு இங்கே ஒரு கிளை உண்டு. அதில் பழைய உறுப்பினர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் பொறுப்பை இந்த ஆண்டு எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். போன வருடத்தார் விட்டுப்போன பட்டியலில் 600 மின்னஞ்சல் முகவரிகள். கடிதம் அனுப்பினால் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. பழைய மாணவர்கள் வளாகத்துக்குத் திரும்பி வரும் ஹோம்கமிங் கொண்டாட்டத்தின் சனிக்கிழமை விருந்து வைத்தோம். மூன்று பேர்தான் வந்தார்கள். நாங்கள் 32 பேரும் மே மாதம் பட்டம் வாங்கிப் போய்விடுவோம். பழையவர்களுக்கு அக்கறை இல்லையா, நாங்கள்தான் கேட்கத் தெரியாமல் கேட்கிறோமா? ஆண்டுச் சந்தா வைத்தால் ஈடுபாடு வருமா? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு உங்கள் கடிதமே போய்ச் சேரவில்லை. சேர்ந்தவர்களுக்கும் வந்து சாப்பிட்டுப் போவதைத் தவிர வேறு வேலை எதையும் நீங்கள் கொடுக்கவில்லை. இரண்டும் சரிசெய்யக்கூடியவைதான்.

உங்கள் சங்கத்தின் அமைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மற்ற மாணவர் சங்கங்களில் தலைவர் பட்டம் வாங்கிப் போனாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மிச்சம் இருப்பார்கள். எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று யாராவது ஒருவருக்குத் தெரியும். உங்களுடையதில் மூன்றாமாண்டு வசந்தப் பருவத்தில் தேர்வு, அடுத்த ஓராண்டு பணி, மே மாதம் பட்டம். ஆண்டுதோறும் மொத்தச் சங்கமும் மாறுகிறது. 1918 பிப்ரவரி 15 அன்று சிரக்யூஸில் கூடி, கார்னெல், மிச்சிகன், ஒஹையோ ஸ்டேட், ஸ்வார்த்மோர் ஆகிய நான்கு கிளைகளோடு தொடங்கிய காலத்திலிருந்தே இதுதான் நடைமுறை. ஆகவே பழையவர் தொடர்பை நடப்பு மாணவர்களின் நினைவை நம்பி விடவே கூடாது. வெளியே போகாத ஆட்களிடமும் வெளியே போகாத கணக்குகளிலும் அது இருக்க வேண்டும்.

பட்டியலிலிருந்து தொடங்குங்கள். திரும்பி வந்த முகவரிகளைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலானவை பல்கலைக்கழகம் கொடுத்த மாணவர் முகவரிகளாக இருக்கும். பல பல்கலைக்கழகங்கள் பட்டம் முடிந்து சில மாதங்களிலோ ஓராண்டிலோ அவற்றை மூடிவிடுகின்றன. பட்டமளிப்பு வாரத்தில் கேட்டு வாங்கலாம் என்று விட்டால் நடக்காது. தேர்வு, வீடு காலிசெய்வது, பெற்றோர் வருகை என்று யாரும் பதில் சொல்லமாட்டார்கள். புதியவர்கள் உறுதிமொழி எடுத்துச் சேரும் அன்றே, பதிவேட்டில் கையெழுத்துப் போடும் அதே மேசையில், சொந்த மின்னஞ்சல், கைபேசி எண், பெற்றோர் வீட்டு அஞ்சல் முகவரி மூன்றையும் வாங்கிவிடுங்கள். 22 வயதுக்காரர் ஐந்து வருடத்தில் நான்கு வீடு மாறுவார். பெற்றோர் வீடு அவ்வளவு சீக்கிரம் மாறாது.

ஒரே ஒரு எக்செல் ஷீட் போதும். பட்டம் வாங்கியபோது இருந்த முழுப்பெயர், இப்போதைய பெயர், பணியாற்றிய ஆண்டு, துறை, ஊர், வேலை, தொடர்பு விவரம், கடைசியாகப் பேசிய தேதி, எதற்கு உதவுவதாகச் சொன்னார் என்று தலைப்புகள் போடுங்கள். கடைசி இரண்டைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் மூன்று வருடத்துக்கு முன் ‘மாதிரி நேர்காணலுக்கு நான் வருகிறேன்’ என்று எழுதியவருக்கு இந்த வருடமும் அதே அறிமுகக் கடிதம் போகும். அவர் பிறகு பதில் போடவே மாட்டார். ஆண்டு எழுதுவதிலும் கவனம் வேண்டும். 2023 ஏப்ரலில் தேர்வானவர்கள் 2023–24இல் பணியாற்றி 2024இல் பட்டம் பெறுகிறார்கள். ஒருவர் 2023 என்றும் இன்னொருவர் 2024 என்றும் எழுதினால் ஒரே அணி இரண்டாக உடைந்துவிடும். பட்டம் பெற்ற ஆண்டையே எப்போதும் எழுதுவது என்று ஷீட்டின் மேலேயே குறித்துவையுங்கள்.

தொலைந்தவர்களைத் தேட மூன்று இடங்கள் உண்டு. தேசிய அலுவலகத்தில் உறுப்பினர் பதிவு இருக்கும். உங்கள் கிளையின் பட்டியலை அட்வைசர் (கிளைக்கு வழிகாட்டும் பல்கலைக்கழக ஊழியர்) மூலமாகக் கேளுங்கள். அடுத்தது பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் அலுவலகம். அங்கே போய் முகவரிப் பட்டியல் கொடுங்கள் என்றால் தரமாட்டார்கள். வேறு இரண்டு உதவி கேளுங்கள்: உங்கள் உறுப்பினர்களின் பதிவில் இந்தச் சங்கத்துக்கான அடையாளக் குறியீடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், உங்கள் கடிதத்தை அவர்கள் வழியாகவே அந்தக் குறியீடு உள்ளவர்களுக்கு அனுப்ப வேண்டும். இதற்கு வேண்டிய பெயர், பட்ட ஆண்டுப் பட்டியலை நீங்கள்தான் தயாரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒருமுறை குறியீடு ஏறிவிட்டால், ஒருவர் வீடு மாறி அந்த அலுவலகத்துக்குச் சொன்னாலே உங்களுக்கும் சொன்ன மாதிரி.

மூன்றாவது இடம் நூலகத்தின் ஆவணக் காப்பகம். பழைய ஆண்டு மலர்களில் சங்கத்தின் குழுப்படம் அணி அணியாக இருக்கும், கீழே பெயர்கள். பல பல்கலைக்கழகங்கள் இவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கின்றன. 1975 வரை இது பெண்களுக்கு மட்டுமான சங்கம் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். 1960களின் படத்தில் உள்ள பெயர் திருமணத்துக்கு முந்திய பெயர். பழைய மாணவர் அலுவலகத்தில் வேறு குடும்பப் பெயரில் இருப்பார். பழைய அஞ்சல் பட்டியலிலோ கணவர் பெயருக்கு முன்னால் ‘மிஸஸ்’ போட்டு எழுதியிருப்பார்கள். இந்த மூன்றையும் ஒரே ஆள் என்று சேர்க்காமல் விட்டதால்தான் மூத்த உறுப்பினர்கள் பல கிளைகளின் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள். பெண்களுக்குப் பதவி கிடைப்பதே அரிதாயிருந்த காலத்தில் இந்தத் தொப்பி அணிந்தவர்கள் அவர்கள். இன்றும் இதைப் பெரிதாக மதிக்கிறவர்கள். அவர்களுக்கு மின்னஞ்சல் வேண்டாம். அவர்கள் அணியின் குழுப்படத்தை அச்செடுத்து, கையால் நான்கு வரி எழுதி, தபாலில் அனுப்புங்கள். இந்தக் குளிர்காலத்தில் பத்துப் பேருக்கு மட்டும் செய்தால்கூடப் போதும்.

விருந்துக்கு ஏன் ஆள் வரவில்லை? ஹோம்கமிங் சனிக்கிழமையன்று ஒரு பழைய மாணவருக்குத் துறைச் சந்திப்பு, மாணவியர் சங்கமான சொராரிட்டியின் வீடு, வாத்தியக்குழு, தோழிகள் என்று நாலு அழைப்பு இருக்கும். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதே பல சமயம் 12 நாளுக்கு முன்போ 6 நாளுக்கு முன்போதான் தொலைக்காட்சிக்காரர்கள் முடிவுசெய்கிறார்கள். நீங்கள் ஆறு வாரத்துக்கு முன் குறித்த மதிய விருந்து ஆட்ட நேரத்தில் போய் விழுந்திருக்கும். ஹோம்கமிங்கில் கலந்துகொள்ளத்தான் வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் காபிக்குக் கூப்பிடுங்கள், அதுவும் வளாகத்துக்குள்ளேயே.

அதைவிட நல்ல வாய்ப்பு வசந்தப் பருவத்தில் இருக்கிறது. புதியவர்களைத் தேர்ந்த செய்தியைச் சொல்லும் டாப்பிங் உங்கள் சங்கத்தின் சிறப்பான காட்சி. ஆசிரியரிடம் முன்பே அனுமதி வாங்கி, கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நாலைந்து பேர் நடந்துகொண்டிருக்கும் வகுப்புக்குள் நுழைந்து, பாடத்தை நிறுத்தி, பெயர் சொல்லி அழைத்து எழுந்து நிற்கவைக்கிற அந்த நிமிடத்தைத் தன் வாழ்நாளில் யாரும் மறப்பதில்லை. அதற்குப் பழையவர்களைக் கூட்டிப்போங்கள். வளாகத்திலேயே பேராசிரியராக, நூலகராக, அலுவலக ஊழியராக வேலை பார்க்கும் முன்னாள் உறுப்பினர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்குப் பயணச் செலவு கிடையாது, மதிய இடைவேளையில் நாற்பது நிமிடம் ஒதுக்கினால் போதும். முதலில் பிடிக்க வேண்டியது இவர்களைத்தான். 200 மைல் தள்ளி இருப்பவரை அல்ல.

அடுத்து, வேலை கொடுப்பது. ‘தொடர்பில் இருங்கள், உங்கள் ஆதரவு தேவை’ என்ற கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று யாருக்கும் தெரியாது. நாள், நேரம், எவ்வளவு நேரம், யாருக்காக என்ற நான்கும் இருக்கட்டும்: ‘அக்டோபர் இரண்டாம் செவ்வாய் இரவு 7 முதல் 7.30 வரை, மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்குத் தயாராகும் ஒரு மாணவியிடம் ஜூமில் கேள்வி கேட்க முடியுமா?’ ஆம் அல்லது இல்லை என்று ஒரு வரியில் பதில் வரும். ரெஸ்யூமே பார்த்துத் தருவது, ஊர் மாறிப்போகும் மாணவருக்கு அங்கே வீடு தேடுவது பற்றி இருபது நிமிடம் பேசுவது என்று அரை மணிக்குள் முடியும் வேலைகளாக எட்டுப் பத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த 48 மணி நேரத்துக்குள் உதவி பெற்ற மாணவரே நன்றி எழுத வேண்டும், நீங்கள் அல்ல. தேர்வு முடிவு வந்ததும் அதையும் சொல்லச் சொல்லுங்கள். உதவியவர் மறுபடி வருவதற்கு இந்த இரண்டாவது கடிதமே காரணமாக இருக்கும்.

ஒரு வேலையை மட்டும் கொடுக்காதீர்கள்: புதிய உறுப்பினர் தேர்வு. விண்ணப்பத்தில் இருக்கும் மதிப்பெண் சராசரி, ‘ஃபெர்பா’ என்ற 1974ஆம் ஆண்டுக் கல்விப் பதிவுச் சட்டத்தின் பாதுகாப்பில் வருவது. அதை மாணவரின் சம்மதமில்லாமல் வெளியாருக்குக் காட்டக்கூடாது. தவிர, யாரைச் சேர்ப்பது என்பதில் பழையவர்கள் கை வைத்தால் சங்கம் நடப்பு மாணவர்களுடையதாக இருக்காது.

பொதுக் கடிதம் ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். செப்டம்பரில் இந்த ஆண்டு உறுப்பினர்களின் பெயர், துறை, படம். டிசம்பரில் செய்த பணி. நிறுவன நாளான பிப்ரவரி 15க்கு ஒரு பழைய படம். ஏப்ரலில் புதியவர்கள் பட்டியல். ஒரு திரைக்குள் அடங்கட்டும். அனுப்புநர் பெயரில் சங்கத்தின் பெயர் மட்டும் இருந்தால் திறக்கமாட்டார்கள், உங்கள் பெயரும் இருக்கட்டும். பெயர் நீக்கச் சொல்பவரை அன்றைக்கே நீக்கிவிடுங்கள்.

இப்போது, மே மாதத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட பழைய உறுப்பினர் குழு ஒன்றை இந்த ஆண்டே அமையுங்கள். வெவ்வேறு பத்தாண்டுகளைச் சேர்ந்தவர்கள், குறைந்தது இருவர் வளாகத்திலோ அதே ஊரிலோ இருப்பவர்கள். மூன்றாண்டுப் பதவி, ஆனால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முடியக்கூடாது. முதல் தடவை மட்டும் சிலருக்கு ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு, மீதிப் பேருக்கு மூன்றாண்டு என்று வையுங்கள். அப்போதுதான் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாறும். அவர்களின் வேலை பட்டியலைக் காப்பது, புதிய பொறுப்பாளருக்குக் கற்றுக்கொடுப்பது. ‘எங்கள் காலத்தில் இப்படித்தான் செய்தோம்’ என்று நிகழ்ச்சி நடத்தும் முறையை அவர்கள் தீர்மானிக்கத் தொடங்கினால் மாணவர்கள் மெல்ல விலகிவிடுவார்கள். குழுவின் அதிகாரம் எதுவரை என்று அரைப் பக்கத்தில் எழுதி அட்வைசரிடம் கொடுத்துவிடுங்கள்.

கணக்குகளையும் பாருங்கள். கிளைகள் பழையவர்களை இழக்க மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. சங்கத்தின் ஜிமெயிலுக்குள் நுழையும் ஆறு இலக்கக் குறியீடு, இரண்டு வருடத்துக்கு முன் பட்டம் வாங்கிப் போன தலைவரின் கைபேசிக்குப் போய்க்கொண்டிருக்கும். அவரும் எண்ணை மாற்றியிருப்பார். குறியீடு வரும் எண்ணாக அட்வைசரின் அலுவலகத் தொலைபேசியை வையுங்கள். குரல் அழைப்பில் குறியீடு வரும்படி அமைக்கலாம். ஃபேஸ்புக் குழு, லிங்க்ட்இன் பக்கம், கோப்புகள் இருக்கும் டிரைவ் என்று எல்லாவற்றுக்கும் மூன்று நிர்வாகிகள் இருக்கட்டும், அதில் ஒருவராவது மாணவர் அல்லாதவராக. புதிய பொறுப்பாளர் ஏப்ரலில் வந்ததும் மூன்று வாரம் உங்களோடு சேர்ந்தே வேலை செய்யட்டும். ஏப்ரல் கடிதத்தை அவரே எழுதி அனுப்பட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

சந்தாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வைக்க வேண்டாம். வாழ்நாள் உறுப்பினர் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு ஆண்டுதோறும் பணம் கேட்டால் கோபம்தான் வரும். 20 டாலர் சந்தா வசூலிக்க ஆகும் நேரத்தில் பத்துப் பேரோடு பேசிவிடலாம். பணம் கேட்பதாக இருந்தால் ஓராண்டாவது வேலை கொடுத்துப் பழகிய பிறகு, ஒரு குறிப்பிட்ட செலவுக்குக் கேளுங்கள். சேர்க்கைக் கட்டணம் கட்ட முடியாத மாணவர்களுக்கான நிதி என்றால் மனம் உவந்து கொடுப்பார்கள். பணத்தை யார் கணக்கிலும் தனியாக வாங்காதீர்கள். பல்கலைக்கழக அறக்கட்டளையில் சங்கத்தின் பெயரில் நிதிக் கணக்கு திறக்க முடியுமா என்று கேளுங்கள். அப்படிச் செய்தால் வரிவிலக்கு ரசீதை அவர்களே கொடுத்துவிடுவார்கள். ஒருவர் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் எழுத்துமூல ரசீது இல்லாமல் அவர் வரிக்கழிவு கேட்க முடியாது. விருந்துச் சீட்டு 100 டாலர், சாப்பாட்டின் மதிப்பு 40 டாலர் என்றால் 60 மட்டும்தான் நன்கொடை. கட்டணம் 75 டாலரைத் தாண்டினால் இதை எழுத்தில் தெரிவிப்பது உங்கள் கடமை.

கிளைக்குத் தனி வரிவிலக்குப் பதிவு இருக்கிறதா என்பதையும் இந்த வாரமே அட்வைசரிடம் கேளுங்கள். இருந்தால், ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்கு மிகாத சிறு அமைப்புகள் 990-என் என்ற மின்படிவத்தை வரித்துறைக்கு ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். கணக்காண்டு ஜூன் 30இல் முடிந்தால் கடைசி நாள் நவம்பர் 15. பத்து நிமிட வேலைதான். ஆனால் ஜூனில் பழைய பொருளாளர் போயிருப்பார், புதியவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டுப்போனால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். அந்தத் தேதியைப் பழைய உறுப்பினர் குழுவில் ஒருவரிடம் பொறுப்பாகக் கொடுத்துவிடுங்கள். கணக்கியல் படித்த உறுப்பினர் யாராவது இருப்பார். கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகச் செய்வார்.