காரமும் புதுக் கறியும்: வாசகர் கேள்வி-பதில்

ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு வந்த கடிதங்கள் இவை. ஒகேனக்கல் போனவர்கள், விருந்தாளிக்குச் சமைத்தவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள்.

ஓசூர் வாசகர்: வடக்கிலிருந்து வந்து எங்களோடு வேலை பார்ப்பவரை ஊருக்கு அழைத்துப்போய் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் கொடுத்தோம். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தும் அவருக்குக் காரம் அடங்கவில்லை.

அடங்காது. எரிச்சலைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் புரதம் அதைப் பிடித்து நாக்கிலிருந்து விலக்கும். அடுத்த முறை கெட்டித் தயிர் ஒரு கிண்ணம் பக்கத்தில் வையுங்கள். புதியவருக்குக் களியின் மேல் குழம்பைக் கொட்டாமல், தொட்டு விழுங்கச் சொல்லிக் கொடுங்கள்.

பாலக்கோடு: விதையை எடுத்துவிட்டால் பச்சைமிளகாயில் காரம் போய்விடுமா?

விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில்தான் காரம் அதிகம். அதைக் கீறி எடுங்கள்.

ஊத்தங்கரை: முதல் முறை குடல் குழம்பு வைத்தேன். மிளகாய்த்தூளை இரண்டு மடங்கு போட்டும் வாடை போகவில்லை.

மிளகாய்த்தூள் எதற்கு? குடலைத் திருப்பிப் போட்டு, கொதிக்கும் நீரில் ஓரிரு நிமிடம் வைத்தெடுத்து, உள்ளே படிந்ததைக் கத்தியால் சுரண்டுங்கள். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளியும் வரை ஐந்தாறு தடவை அலசுங்கள். அப்புறம் குக்கரில் ஆறேழு விசில். இதற்கெல்லாம் முன்னால், எப்போது அறுத்தது என்று கடையில் கேளுங்கள். காலையில் அறுத்து மாலை வரை வெளியே கிடந்த குடலை எந்த மசாலாவும் காப்பாற்றாது.

பென்னாகரம்: தெரிந்தவர் ஒரு கிலோ கறி கொடுத்தார். என்ன கறி என்று கேட்கவில்லை, காட்டுக் கறி போலிருக்கிறது. எப்படிச் சமைப்பது?

சமைக்காதீர்கள். என்ன கறி என்றுகூடக் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டு மசாலா அளவு கேட்கிறீர்களே, இது என்ன பழக்கம்? இப்படி ஒரு கடிதமாவது வராத மாதம் இல்லை.

மான், காட்டுப்பன்றி, காட்டுமுயல், உடும்பு, கவுதாரி எல்லாமே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. வேட்டையாடியவர் மட்டுமல்ல, கறியை வீட்டில் வைத்திருப்பவரும் மாட்டுவார். சட்டத்தை விடுங்கள். அந்த மிருகம் சுருக்கில் மாட்டி எத்தனை நாள் கிடந்தது? நோயில் செத்ததா? நாட்டுத் துப்பாக்கியில் சுட்டிருந்தால் ஈயத் துகள் கறியிலேயே தங்கும், எவ்வளவு கொதித்தாலும் போகாது. பன்றிக் கறி அரைவேக்காடாக இருந்தால் புழுத்தொற்று வரும். கடையில் வாங்கினால் கேள்வி கேட்க ஓர் ஆளாவது இருக்கிறார். இங்கே யாரைக் கேட்பீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுருக்குக்கும் மின்கம்பிக்கும் எது வருகிறது என்று தெரியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. நம் மாவட்டத்துக் காட்டில் ஒரு கிலோ கறிக்காக இன்னொரு கம்பி கட்டப்படுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

புது ருசிதான் வேண்டும் என்றால் பண்ணைக் காடை வாங்குங்கள். ஐந்து வாரத்தில் கிட்டத்தட்ட 200 கிராம் வரும், மிளகு வறுவலுக்கு அருமை. பண்ணை முயலும் உண்டு. அதில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் வறண்டுபோகும். மூடி வைத்து, சிறுதீயில், எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டு வேகவையுங்கள். அதையும் எப்போது அறுத்தது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பர்கூர்: காரம் தின்றால் அல்சர் வருமா?

பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும், தொடர்ந்து தின்னும் வலி மாத்திரைகளும்தான். ஏற்கெனவே புண் இருந்தால் காரம் எரிச்சலைக் கூட்டலாம். வலி இருந்தால் டாக்டரைப் பாருங்கள், எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

காவேரிப்பட்டணம்: கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் மீன் வறுவல் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மசாலா தடவி அடுக்கி வைத்ததை வாங்காதீர்கள். அடர் சிவப்பில் எதையும் மறைத்துவிடலாம். முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள். கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் குழி விழக்கூடாது. எப்போது பிடித்தது என்று கேட்டு, உங்கள் எதிரிலேயே வெட்டி மசாலா தடவச் சொல்லுங்கள். அவசரம் என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.