காட்பாடியிலிருந்து ஹேவ்லாக் போகிறவருக்கு: எந்தப் படகு?

அண்ணா, வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது, எட்டு வயதுப் பையனும் வருகிறான், அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்நார்க்கெலிங் (கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் போட்டு, குழாய் வழியே மூச்சுவிட்டு, மிதந்தபடியே கடலடியைப் பார்ப்பது) போக ஹோட்டலில் சொல்லும் தனிப்படகா, படகுத்துறையில் கிடைக்கும் பொதுப்படகா என்று கேட்டிருந்தீர்கள். பொதுப்படகே போதும், அந்தத் தீவிலேயே இருக்கும் எலிபெண்ட் பீச் போங்கள். பாலாற்றில் மணலைத்தான் அதிகம் பார்த்து வளர்ந்தோம், நமக்கு அங்கே கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரே சரி, வழிகாட்டி ரப்பர் வளையத்தைப் பிடித்துக் கூடவே வருவார். காலையில் முதல் படகையே கேளுங்கள், பெரும்பாலும் காற்று குறைவாக இருக்கும், கூட்டம் மணலைக் கலக்குவதற்குள் தண்ணீரும் தெளிவாகத் தெரியும்.

பணம் கட்டும் முன் பையன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், பெரியவர்களுடையதைப் போட்டால் தண்ணீரில் அது கழுத்துக்கு மேல் ஏறிவிடும், இதில் மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். அப்புறம் மாஸ்க். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளிழுங்கள், கையை எடுத்தும் ஒட்டி நின்றால் அதுதான் உங்கள் அளவு. மீசை இருந்தால் மேலுதட்டோரம் கசியும், கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். பவளத்தை மிதிக்கவே வேண்டாம், அது உயிருள்ளது, காலையும் கிழித்துவிடும். படகில் குமட்டும் என்றால் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பாவது போட வேண்டும்.