அமெரிக்காவின் இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸ் 1800 தேர்தலில் ஏன் தோற்றார்?

பெரும்பாலோர் சொல்லும் காரணம் 1798-ல் வந்த ராஜதுரோகச் சட்டம். அரசைத் தாக்கி எழுதியவர்களை ஜெயிலில் தள்ளிய சட்டம் அது. வெர்மான்ட் எம்.பி. மேத்யூ லயன் சிறையில் இருந்தபடியே மறுபடி ஜெயித்தார். அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதற்காக ஆடம்ஸுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் தோல்விக்கு அது மட்டுமே காரணம் என்றால் கணக்கு இடிக்கிறது.

அமெரிக்காவில் அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலங்களின் சார்பில் வாக்களிக்கும் தேர்வாளர்கள். 1796-ல் ஆடம்ஸுக்கு 71 தேர்வாளர் வாக்குகள், 1800-ல் 65. எதிர்த்து நின்று ஜெயித்த தாமஸ் ஜெஃபர்சனுக்கு 73. இதில் நியூயார்க்கின் 12 வாக்குகளைத் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள். முதல் தடவை அந்த 12-ம் ஆடம்ஸுக்கு வந்தவை. இந்தத் தடவை மொத்தமும் எதிரணிக்குப் போய்விட்டன. மற்ற மாநிலங்களில் அவர் 59-லிருந்து 65-க்கு ஏறியிருக்கிறார்!

நியூயார்க்கில் தேர்வாளர்களை நியமித்தது மாநிலச் சட்டமன்றம். அதனால் 1800 வசந்தத்தில் நடந்த சட்டமன்றத் தேர்தலிலேயே முடிவு தெரிந்துவிட்டது. ஜெஃபர்சன் அணியின் ஆரன் பர், நியூயார்க் நகரத் தொகுதிகளுக்கு முன்னாள் கவர்னர் ஜார்ஜ் கிளின்டன், புரட்சிப்போர் தளபதி ஹொரேஷியோ கேட்ஸ் என்று பெரிய தலைகளாக நிறுத்தினார். பர் வீட்டில் மேசையில் எப்போதும் சாப்பாடு, அறைகளில் மெத்தை. தொண்டர்கள் அங்கேயே கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு மறுபடி தெருவுக்கு ஓடினார்கள். நகரின் 13 இடங்களும் ஜெஃபர்சன் அணியின் கைக்கு வந்தன.

அடிமைகளில் ஐந்துக்கு மூன்று பேரை மக்கள்தொகைக் கணக்கில் சேர்த்ததால் தென்மாநிலங்களுக்குக் கிடைத்த கூடுதல் வாக்குகளும் ஜெஃபர்சனைத் தூக்கிவிட்டன. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு மனசு கேட்காத இடம் ஒன்று உண்டு. பிரான்சுடன் கடலில் அறிவிக்கப்படாத போர் நடந்துகொண்டிருந்தது. போரை வளர்த்திருந்தால் கட்சி அவர் பின்னால் நின்றிருக்கும். அவரோ 1799-ல் சமாதானத் தூதரை நியமித்தார். சொந்தக் கட்சியான ஃபெடரலிஸ்ட் இரண்டாக உடைந்தது. தேர்தல் நெருங்கும் நேரத்தில் அதே கட்சியின் பெரிய தலைவரான அலெக்சாண்டர் ஹாமில்டன், 'இவர் அதிபராக இருக்கத் தகுதியற்றவர்' என்ற தொனியில் 54 பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அது எதிரணியின் கையிலும் சிக்கியது.

சமாதான ஒப்பந்தம் 1800 செப்டம்பர் 30-ல் பாரிசுக்கு அருகே மோர்ட்ஃபோன்டேனில் கையெழுத்தானது. செய்தி கப்பலில் கடல் தாண்டி வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. 1815-ல் ஆடம்ஸ் ஒரு கடிதத்தில் தன் கல்லறையில் என்ன எழுத வேண்டும் என்று குறிப்பிட்டார்: 1800-ல் பிரான்சுடன் சமாதானம் செய்த பொறுப்பைத் தானே ஏற்றவர் இங்கே உறங்குகிறார், அவ்வளவு போதும் என்று.