உடனிருந்து அறிபவன்: கேள்வி பதில்

போன வாரம் அப்பரின் 'கள்ளனேன் கள்ளத் தொண்டாய்' பாடலைப் படித்தோம். நான்காம் திருமுறை, திருநேரிசை. 'உள்குவார் உள்கிற்றெல்லாம் உடனிருந்து அறிதி என்று' என்ற வரியிலேயே பலரும் நின்றுவிட்டார்கள். நினைப்பவர் நினைப்பதையெல்லாம் கூடவே இருந்து அறிகிறாய் என்று சிவனிடம் சொல்லும் வரி. வந்த கேள்விகளில் சில இங்கே.

ஐயா, நான் நினைப்பதெல்லாம் ஒருவனுக்குத் தெரியும் என்றால் எனக்கு நடுக்கம்தான் வருகிறது. இதில் ஆறுதல் எங்கே?

நடுங்கினீர்கள் என்றால் பாட்டைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். அப்பருக்கும் முதலில் வந்தது வெட்கம். 'வெள்கினேன்' என்கிறார். அதோடு விடவில்லை: 'வெள்கி நானும் விலா இறச் சிரித்திட்டேனே.' விலா எலும்பு ஒடிகிற மாதிரிச் சிரித்தாராம்! அழுதேன் என்று பாடியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம்.

சின்ன வயதில் நான் வெல்லம் திருடித் தின்றுவிட்டு, வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டு, அம்மா முன்னால் போய் 'நான் ஒண்ணும் எடுக்கலியே' என்று நின்றேன். சட்டையில் எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. அம்மா எறும்பைத் தட்டிவிட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் காது சிவந்துபோயிற்று, அடுத்த நொடியே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அப்பர் சிரிப்பை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இத்தனை நாள் யாரிடமிருந்து ஒளித்தேனோ, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான். ஒளித்த பாடெல்லாம் வீண். இனி ஒளிக்கவும் வேண்டாம்.

தருமசேனர் என்ற பெயரில் சமணத் துறவியாக இருந்துவிட்டு, சூலை என்ற கடும் வயிற்றுவலியோடு திருவதிகைக்கு அக்கா திலகவதியாரிடம் திரும்பி வந்தவர் அப்பர். 'கள்ளத் தொண்டு' என்று அந்தப் பழைய நாட்களை மட்டும் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பிறகு கோயிலில் புல் செதுக்க உழவாரம் பிடித்த கையிலும் கொஞ்சம் கள்ளம் ஒட்டியிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதே அப்பர் திருஇன்னம்பரில் 'எழுதும் கீழ்க்கணக்கு' என்று பாடுகிறாரே? கணக்கு எழுதுகிறவனிடம் போய் எப்படிச் சாய்ந்துகொள்வது?

நல்ல பிடி பிடித்தீர்கள். ஐந்தாம் திருமுறைப் பாட்டு. 'பொழுது போக்கிப் புறக்கணிப்பாரையும்' என்ற அடிதான் உங்களை உறுத்துகிறது. அதற்கு முன்னால் உள்ளதையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: 'தொழுது தூமலர் தூவித் துதித்து நின்று அழுது காமுற்று அரற்றுகின்றாரையும்.' அந்தக் கணக்கில் முதலில் ஏறுகிறவர்கள் அழுகிறவர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, வீட்டில் யாரும் விழித்துவிடக் கூடாதே என்று தலையணையில் முகம் புதைத்து அழுதீர்களே, அது வேறெந்த ஏட்டிலும் இல்லை. அங்கே இருக்கிறது.

கும்பகோணம் பக்கம் போனால் இன்னம்பருக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். சுவாமி பெயரே எழுத்தறிநாதர். ராஜா சந்தேகப்பட்ட ஒரு கணக்கருக்காக சிவனே அவர் உருவில் போய்க் கணக்கைக் காட்டினார் என்று தலபுராணம் சொல்கிறது. தணிக்கைக்கு வந்தவர் அல்ல, நம் பக்கம் நின்று கணக்குக் காட்டியவர்.

எல்லாம் தெரியும் என்றால் எதற்கு வேண்டிக்கொள்ள வேண்டும்?

'வேண்டத்தக்கது அறிவோய் நீ, வேண்ட முழுதும் தருவோய் நீ.' மாணிக்கவாசகர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பசி அம்மாவுக்குத் தெரியும் என்பதற்காக எந்தப் பிள்ளையும் 'பசிக்குது' என்று சொல்லாமல் இருப்பதில்லை.

சென்னையில் ஒற்றை அறை, நைட் ஷிஃப்ட். விளக்கு வைக்கக்கூட இடமில்லை. மனதுக்குள் கும்பிட்டால் போதுமா?

திருநின்றவூர் உங்களுக்கு மின்சார ரயில் தூரம்தான். அந்த ஊர்ப் பூசலார் நாயனாரிடம் கோயில் கட்டக் காசு இல்லை. மனதிலேயே கட்டினார். காஞ்சியில் பல்லவ ராஜா காடவர் கோன் கல்லால் கட்டிய கோயிலுக்கு நாள் குறித்தபோது, சிவன் கனவில் போய், 'நாளை நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலில் புகுகிறேன், நீ வேறு நாள் பார்த்துக்கொள்' என்றார். ராஜா தேடி வந்து கேட்டால், அப்படி ஒரு கோயில் இங்கே இல்லையே என்கிறார்கள் ஊர்க்காரர்கள்!

ஆனால் தம்பி, ஒன்று. பெரியபுராணத்தில் சேக்கிழார் அந்த மனக்கோயிலை எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். தச்சர், நல்ல நாள், அடித்தளம், சிகரம், சுதை வேலை, கிணறு, மதில், குளம் என்று ஒன்று விடவில்லை. ராத்திரியும் தூங்காமல் கட்டியிருக்கிறார் மனிதர். 'மனசுக்குள்ளயே கும்பிட்டுக்கறேன்' என்று நாம் ஒப்பேற்றுவது வேறு. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது பத்து நிமிஷம், ஒரு செங்கல் வையுங்கள்.

கும்பிடும்போதே மனது பொய் சொல்கிறது.

'யானே பொய், என் நெஞ்சும் பொய், என் அன்பும் பொய்.' சொன்னவர் அதே மாணிக்கவாசகர். அடுத்த அடியையும் படித்துவிடுங்கள்: 'ஆனால் வினையேன் அழுதால் உன்னைப் பெறலாமே.'

அம்மாவுக்கு மறதி நோய். சிவபுராணம் 95 அடியையும் புத்தகம் பார்க்காமல் சொன்னவர். இப்போது என் பெயரே அவருக்குத் தெரியவில்லை. அவருடைய பக்தி எல்லாம் போய்விட்டதா, ஐயா?

இதற்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று, அம்மா.

திருப்பாண்டிக்கொடுமுடியில், காவிரிக் கரையில், சுந்தரர் பாடியது: 'நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே.' மறக்க மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. மறந்துபோகும் ஒரு நாளையும் நினைத்துத்தான் பாடியிருக்கிறார். அப்பர் வரிக்கே திரும்பி வாருங்கள். 'உடனிருந்து அறிதி' என்றால் அறிகிறவன் அவன். உங்கள் அம்மா இத்தனை வருஷம் நினைத்ததெல்லாம் அவனிடம் இருக்கிறது. அம்மாவின் கையிலிருந்து நழுவியது அவன் கையிலிருந்து நழுவவில்லை.

சாயங்காலம் விளக்கேற்றியதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சொல்லுங்கள். 'நமச்சிவாய வாஅழ்க' என்று ஆரம்பித்து, அவர் சொன்ன அதே வேகத்தில். 'அடுத்த வரி என்னம்மா?' என்று மட்டும் கேட்காதீர்கள்.