மகள் பையன்களோடு மல்யுத்தம் செய்யலாமா? ஏற்காட்டிலிருந்து அயோவா வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். ஏற்காட்டிலிருந்து குடும்பத்தோடு அமெரிக்காவின் அயோவா மாநிலத் தலைநகர் டி மொயினுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளி மல்யுத்த அணியில் சேரப்போகிறேன் என்று அடம் பிடிக்கிறாள். பையன்களும் பெண்களும் ஒரே மேட்டில், அதாவது ஒரே மல்யுத்த விரிப்பில், பயிற்சி செய்கிறார்கள், போட்டியிலும் பையன்களோடு மோத வேண்டி வரலாம் என்று கோச் சொல்லியிருக்கிறார். ஊரில் இருக்கும் அம்மா இதைக் கேட்டதிலிருந்து உங்களோடு சரியாகப் பேசுவதில்லை. சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்த்துவிடுங்கள். பயிற்சியைப் பையன்களோடும் செய்யட்டும். ஆனால் போட்டியென்று வந்தால், இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் பெண்களோடு மட்டும் மோதும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நான் அம்மாப்பேட்டையில் பிறந்தவள், இங்கே வந்து பல வருஷம் ஆகிவிட்டது. என் மகளும் இந்த அயோவாவில் ஏழாம் வகுப்பில்தான் மல்யுத்தம் தொடங்கினாள். அவள் முதலில் பையன்களோடும், பிறகு பெண்களோடும் மோதியதை மேட் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் அம்மாவின் மனக்குறை. பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி என்று விடுதிப் பள்ளிகள் இருந்த மலையில் வாழ்ந்தவர். வயசுக்கு வரப்போகும் பேத்தியை ஒரு பையன் கட்டிப் புரள்வதா என்று அவருக்குத் தோன்றுவதில் தப்பே இல்லை. நம் ஊர்க்காரர்கள் மட்டும்தான் இப்படி நினைக்கிறார்கள் என்றும் எண்ணாதீர்கள். 2011-இல் இதே டி மொயினில் நடந்த மாநிலப் போட்டியில், 112 பவுண்டு பிரிவின் முதல் சுற்றில் ஜோயல் நார்த்ரப் என்ற பையனுக்கு எதிராக கேஸி ஹெர்கெல்மேன் என்ற பெண் வந்தார். ஒரு பெண்ணோடு இப்படி மோதுவது தன் நம்பிக்கைக்கும் மனசாட்சிக்கும் ஒத்துவராது என்று சொல்லி அந்தப் பையன் ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தார். அந்த சீசனில் 35 ஆட்டம் ஜெயித்தவர், பதக்கம் வாங்கக்கூடியவர். அயோவா மாநிலப் போட்டியில் ஒரு பெண் பெற்ற முதல் வெற்றி அப்படித்தான் பதிவானது. மேட்டில் ஒரு பிடி கூட விழவில்லை.

அந்தப் பையன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பெண்ணை நினைத்தால்தான் இன்னும் மனசு கேட்பதில்லை. வருஷம் முழுக்க உழைத்து அங்கே வந்தவளுக்கு, ஆடி ஜெயிக்கவும் வழியில்லை, ஆடித் தோற்கவும் வழியில்லை.

தொடுவது பற்றி அம்மாவுக்குச் சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது. கடைசியாகப் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, அயோத்தியாப்பட்டணம் பக்கம் எங்கள் அண்ணன் மகள் கபடிப் பயிற்சி செய்வதைப் பார்க்கப் போனேன். பள்ளிக்குப் பின்னால் செம்மண் மைதானம், சுண்ணாம்புப் பொடியில் கோடு. இரண்டு அணி பிரிக்கும் அளவுக்குப் பெண்கள் இல்லாததால் எதிர்ப்பக்கம் பையன்கள். ஒரு பையன் பாடிக்கொண்டே வந்து, கோட்டைத் தொட்டுத் திரும்பினான். அந்த நொடியில் இவள் பாய்ந்து கணுக்காலை இரண்டு கையாலும் பூட்டிவிட்டாள். அருமையான பிடி. ஆனால் அவன் நிற்கவில்லை. காலில் இவளைத் தொங்கவிட்டபடியே நடுக்கோட்டை நோக்கி மண்ணைக் கீறிக்கொண்டு நகர்ந்தான். பக்கத்தில் இருந்த இன்னொரு பெண் ஓடிவந்து இடுப்பைச் சேர்த்துப் பிடித்த பிறகுதான் விழுந்தான். இவள் முழங்கை தோல் உரிந்து எழுந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. சுற்றிலும் தாத்தா பாட்டிகள் நின்று பார்த்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. விளையாட்டில் ஒருவரை ஒருவர் பிடிப்பது வேறு என்பது நம்ம சனங்களுக்கு நன்றாகத் தெரியும். மல்யுத்தம் அவர்கள் கண்ணுக்குப் பழகவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண்கள் போட்டிக்குப் போகும்போது பெண்கள் அணியோடுதான் ஆடுகிறார்கள். கபடியில் களமே வேறு: ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், பெண்களுக்கு 12-க்கு 8. ஆட்ட நேரமும் ஆண்களுக்கு 20 நிமிஷம் வீதம் இரண்டு பாதி, பெண்களுக்கு 15 நிமிஷம் வீதம். ஹரியானாவின் மல்யுத்த வீராங்கனை கீதா போகட் கூடத் தன் ஊரில் பையன்களோடு மோதித்தான் பழகினார். ஆனால் 2010 காமன்வெல்த் போட்டியில் அவர் வாங்கிய தங்கம் பெண்கள் 55 கிலோ பிரிவில் வாங்கியது. பயிற்சிக்கு யாரும் சரி, பந்தயத்துக்கு சமமான ஆள் வேண்டும்.

எடைப் பிரிவு இருக்கிறதே, ஒரே எடையில்தானே மோதுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் கோச்சிடம் இதையேதான் கேட்டேன். எடை ஒன்றாக இருந்தாலும் பலம் ஒன்றாக இருப்பதில்லை. டோக்கியோ ஒலிம்பிக் பளுதூக்குதலில் ஆண்கள் 61 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் தூக்கிய மொத்த எடை 313 கிலோ. பெண்கள் 64 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் தூக்கியது 236 கிலோ. அந்தப் பெண்ணுடைய பிரிவு மூன்று கிலோ கூடுதல், ஒலிம்பிக்கில் முதல் இடம், அப்படியும் 77 கிலோ வித்தியாசம். பருவ வயதில் பையன்களுக்குச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் தசையையும் எலும்பையும் அப்படி மாற்றிவிடுகிறது. அதிலும் தோள், கை, பிடி ஆகியவற்றில்தான் இடைவெளி அதிகம். மல்யுத்தமே அவற்றை நம்பிய விளையாட்டு.

பருவம் வருவதற்கு முன் இந்த வித்தியாசம் சொற்பம்தான். பெண்களுக்குப் பதினொன்று, பன்னிரண்டிலேயே வளர்த்தி வந்துவிடும், பையன்களுக்கு இரண்டு வருஷம் பிந்தி வரும். அதனால் உங்கள் மகள் வகுப்பில் அவளைவிடக் குள்ளமான பையன்கள் நிறைய இருப்பார்கள். இந்த வருஷம் அவள் சிலரை ஜெயிக்கவும் செய்வாள், என் மகளும் ஜெயித்தாள். ஒன்பதாம் வகுப்பில் அதே பையன்களோடு மோதியபோது கதை மாறியது. இவளுக்கு நுணுக்கம் அதிகம், பயிற்சிக்கு ஒருநாள் கூட மட்டம் போட்டதில்லை. ஆனால் பிடி விழுந்தால் கழற்ற முடியவில்லை. ஒரு மேட்சில் தோள் பிசகி வாரக்கணக்கில் கட்டோடு இருந்தாள். அந்தப் பையன் விதியை மீறவில்லை, முரட்டுத்தனமும் காட்டவில்லை. அவன் பலம் அவ்வளவு.

அந்தப் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெயித்தால் பொண்ணைத்தானே ஜெயித்தாய் என்பார்கள், தோற்றால் பள்ளிக்கூடம் முழுக்கக் கேலி. சிலர் எங்கே கை வைப்பது என்று தயங்கித் தயங்கியே ஆட்டத்தை விடுவார்கள். சிலர் பயத்திலேயே தேவைக்கு மேல் முறுக்கிப் போடுவார்கள். ஒரு பையன் ஜெயித்துவிட்டு, நடுவர் கையைத் தூக்கும்போது தலையைக் குனிந்தே நின்றான். பதினான்கு வயசுக் குழந்தையை அந்த நிலையில் வைப்பது நியாயமே இல்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிகளில் ஆண் பெண் பேதம் காட்டக்கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் 1972-இல் வந்தது. அதன் விதிகளில் குத்துச்சண்டை, மல்யுத்தம், ரக்பி, ஐஸ் ஹாக்கி, அமெரிக்க ஃபுட்பால், கூடைப்பந்து போன்ற உடல் மோதும் விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. அந்தச் சட்டப்படி பெண்ணைப் பையன்கள் அணியில் சேர்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பள்ளிக்கு இல்லை. சேர்த்துக்கொண்ட பிறகு பெண் என்பதற்காக ஒதுக்கவும் கூடாது என்று டியூக் பல்கலைக்கழக வழக்கில் 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்களுக்கென்று அணி இல்லாத காலத்தில் இந்தக் கதவு தேவைப்பட்டது. அந்தப் பெண்கள் பையன்கள் அணியில் நுழைந்து ஆடாமல் இருந்திருந்தால் இன்று நம் பிள்ளைகளுக்குத் தனி அணியே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

உங்கள் மகள் நல்ல நேரத்தில் வந்திருக்கிறாள். அயோவா உயர்நிலைப் பள்ளிகளில் பெண்கள் மல்யுத்தம் 2022–23 சீசனிலிருந்து அங்கீகாரம் பெற்ற தனி விளையாட்டு. அந்த முதல் மாநிலப் போட்டி கோரல்வில்லில் நடந்தபோது என் மகள் பத்தாம் வகுப்பு. அரங்கம் முழுக்கப் பெண் பிள்ளைகள், ஒவ்வொரு மேட்டிலும் இரண்டு பக்கமும் சமமான மூச்சிரைப்பு. அதுவரை தோற்காமல் இருந்தால் போதும் என்று ஆடியவள், அந்த வருஷம் ஜெயிக்க ஆடத் தொடங்கினாள். நடையே மாறிவிட்டது. இப்போது கல்லூரியிலும் வழி உண்டு, அயோவா பல்கலைக்கழகத்திலேயே பெண்கள் அணி இருக்கிறது.

நடுநிலைப் பள்ளியில் மட்டும் ஏற்பாடு பள்ளிக்குப் பள்ளி மாறும். அதனால் கோச்சிடம் நேரில் பேசுங்கள். அணியில் வேறு பெண்கள் எத்தனை பேர், வெளிப் போட்டியில் பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டா, இல்லாதபோது பையனோடு மோதுவதை அவள் மறுத்தால் அணியில் இடம் போகுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு கிளப் பாருங்கள். எடை குறைக்கச் சாப்பாட்டைக் குறை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், வளரும் பெண். இரத்தசோகை இருக்கிறதா என்று டாக்டரிடம் ஒருமுறை பார்த்துக்கொள்வதும் நல்லது. அந்த டாக்டரே பள்ளிக்குத் தரவேண்டிய உடல்தகுதிப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டுத் தருவார்.

உடை பற்றி அம்மா கேட்டால், அந்த ஒட்டிய உடுப்புதான் என்று கட்டாயமில்லை, இறுக்கமான சட்டையும் அரைக்கால் சட்டையுமாக இரண்டு துண்டு உடையும் போடலாம் என்று சொல்லுங்கள். தோடு, மூக்குத்தி, கொலுசு, கையில் கட்டிய கறுப்புக் கயிறு எதுவும் மேட்டில் கூடாது. மூக்குத்தி புதிதாகக் குத்தியிருந்தால் துளை மூடிவிடும், சீசன் முடிந்த பிறகு குத்திக்கொள்ளட்டும். பயிற்சி முடிந்த உடனே குளிக்க வைத்து, துணியை அன்றன்றே துவைத்துவிடுங்கள். மேட்டிலிருந்து படர்தாமரை ஒட்டும், போட்டிக்கு முன் தோலைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

அம்மாவுக்கு இதையெல்லாம் போனில் விளக்காதீர்கள். பெண்கள் மட்டும் மோதும் போட்டி ஒன்று பக்கத்தில் நடக்கும்போது மகளைக் கூட்டிப் போய், அங்கிருந்தே வீடியோ காலில் பாட்டியோடு பேசச் சொல்லுங்கள். ஏற்காட்டில் அப்போது ராத்திரி ஆகியிருக்கும், அதனால் இங்கே காலையில் நடக்கும் முதல் சுற்றாகப் பாருங்கள்.