முதல் மிதியில் தரை, இரண்டாம் மிதியில் பிடிப்பு: பழைய கார் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கிராணியாக இருந்து காலமான பெரியவர் ஒருவரின் பிள்ளைகளிடமிருந்து 1965ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 காரை மூன்று மாதங்களுக்கு முன் வாங்கினேன். ஒன்பது ஆண்டுகள் கொட்டகையில் நின்ற கார். இஞ்சின் நன்றாக ஓடுகிறது, பிரேக்தான் தொல்லை. முதல் முறை மிதித்தால் பெடல் தரையைத் தொடுகிறது, விட்டு உடனே மீண்டும் மிதித்தால் பாதியிலேயே கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பிடிக்கும்போது கார் இடப்பக்கம் இழுக்கிறது. தாப்பாவுக்குப் போய் வந்தால் இடது பின்சக்கரம் மட்டும் கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது. பெக்கானில் (சிறுநகரில்) உள்ள ஃபோர்மன் (மெக்கானிக்) பிரேக் குழாய்களிலிருந்து இரண்டு முறை காற்று எடுத்துப் பார்த்துவிட்டு, "பழைய பிரேக் இப்படித்தான், டிஸ்க் பிரேக்காக மாற்றிவிடலாம்" என்கிறார். தீபாவளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போக ஆசை. என்ன செய்யலாம், ஐயா?
– வாசகர், பீடோர், பேராக்

பதில்: முதலில், இந்தக் காரில் தாப்பாவுக்குப் போய் வருவதை இன்றே நிறுத்துங்கள். உங்கள் மைனரில், பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, அதிலிருந்து புறப்படும் எண்ணெய் வழியும் ஒன்று. இன்றைய கார்களில் இரண்டு வழிகள் இருப்பதால் ஒன்று கசிந்தாலும் மற்றது நிறுத்தும். உங்கள் காரில் நான்கு சக்கரங்களில் ஏதாவது ஒன்றில் ஒரு சிறிய குழாய் வெடித்தாலும் நான்கும் போய்விடும். பிறகு மிஞ்சுவது கேபிளால் இயங்கும் ஹேண்ட் பிரேக் மட்டுமே, அதுவும் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும்.

இனி பெடலுக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது. குழாயில் காற்று இருந்தால் பெடல் பஞ்சு மெத்தையை மிதிப்பதுபோல் துள்ளும், எத்தனை முறை மிதித்தாலும் அந்தத் துள்ளல் முழுதாகப் போகாது. மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருந்தால் பெடல் முதலில் உயரத்தில் நின்று, காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இரண்டாம் மிதியில் கெட்டியாக நின்று அப்படியே நிற்கிறது என்றால், பெரும்பாலும் சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும் அதன் உள்ளே விரிந்து பிடிக்கும் ஷூவுக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். முதல் மிதியில் போகும் எண்ணெய் முழுவதும் அந்த இடைவெளியைக் கடக்கவே செலவாகிறது. ஷூ திரும்பி வருவதற்குள் இரண்டாம் மிதி மிதிப்பதால் பிடிக்கிறது. இதை அறியாமல் காற்று எடுத்துக்கொண்டே இருந்தால் போத்தல் போத்தலாக எண்ணெய்தான் தீரும். என் அனுபவத்தில் "காற்று போகவே இல்லை" என்று கொண்டுவரப்படும் டிரம் பிரேக் கார்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இந்த இடைவெளியைக் குறைக்கும் திருகைத் திருப்பிய பிறகே பெடல் மேலே வந்தது.

அந்தத் திருகை எங்கே தேடுவது? காரைத் தூக்கித் தாங்கு கட்டைகளின் மேல் நிறுத்திவிட்டு (ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே நுழையாதீர்கள்), சக்கரத்தின் நடுத் தொப்பியைக் கழற்றி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் ஒரு துளை வழியே பிளவுபட்ட தலையுடன் ஒரு திருகு தெரியும். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒன்று. அகலமான திருப்புளியால் சக்கரம் இறுகும்வரை திருப்பி, பிறகு சக்கரம் உரசாமல் சுற்றும் இடம்வரை மட்டும் பின்வாங்குங்கள். உடனே பெடலை இரண்டு மூன்று முறை பலமாக மிதித்து ஷூக்களை நடுவில் அமரச் செய்து, மறுபடியும் ஒரு முறை சரிபாருங்கள். முன்சக்கரத்தில் ஒரு திருகை மட்டும் கண்டு மற்றொன்றை மறப்பது வழக்கமாக நடக்கும் தவறு. ஹேண்ட் பிரேக்கை இறுக்குவது இவை அனைத்துக்கும் பிறகு வரவேண்டிய வேலை. அதை முதலில் இறுக்கிவிட்டால் பின் ஷூக்கள் பாதி திறந்த நிலையில் நின்று உங்கள் கணக்கு முழுவதும் பிசகிவிடும்.

இடப்பக்கம் இழுப்பதைப் பற்றி: கார் இடப்பக்கம் இழுத்தால் இடது சக்கரத்தைக் கழற்றுவதே நம்மவர் வழக்கம். ஆனால் இழுக்கும் பக்கம் பெரும்பாலும் வேலை செய்யும் பக்கம். மறுபக்கம் பிடிக்காததால்தான் கார் இப்பக்கம் திரும்புகிறது. ஆகவே வலது முன்சக்கர டிரம்மைக் கழற்றுங்கள். அங்கே மேலும் கீழுமாக இரண்டு வீல் சிலிண்டர்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு ஷூவைத் தள்ளும். ஒருவர் பெடலை மிக மெதுவாக, ஒரு விரற்கடை அளவு மட்டும் அழுத்த, மற்றொருவர் இரண்டு ஷூக்களும் அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். பலமாக மிதித்தால் பிஸ்டன் வெளியே தெறித்துவிடும். ஒன்று அசையாமல் நின்றால் அந்தச் சிலிண்டர் துருவில் பிடித்துக்கொண்டது. இரண்டும் அசைந்தால் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கைப் பாருங்கள்: கறுத்து, ஈரமாக மின்னினால் சிலிண்டரிலிருந்து பிரேக் எண்ணெயோ ஹப்பிலிருந்து கிரீஸோ இறங்கியிருக்கிறது. எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலால் கழுவுவது, தீயில் வாட்டுவது எதுவும் பலிக்காது. கசிவை அடைத்துவிட்டு, வலது இடது இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிது போடுங்கள். வாங்கும்போது அளவைச் சொல்லுங்கள்: 1962இன் இறுதியில் 1098 சிசி இஞ்சின் வந்தபோது முன் டிரம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாயிற்று, பின் டிரம் 7 அங்குலமாகவே நின்றது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாமல், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள்.

கொதிக்கும் பின்சக்கரம் எனக்கு மிகவும் பிடித்த புதிர். ஒரு சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டால் பலர் முதலில் சந்தேகிப்பது ரப்பர் குழாயைத்தான். பழைய குழாய் உட்புறம் ஊதி, எண்ணெயைப் போகவிட்டுத் திரும்பவிடாது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் காரில் பின் அச்சுக்கு வரும் ரப்பர் குழாய் ஒன்றே ஒன்று. அதன்பின்தான் இரும்புக் குழாய் இடமும் வலமுமாகப் பிரிகிறது. குழாய் குற்றவாளி என்றால் இரண்டு பின்சக்கரமும் கொதிக்க வேண்டும். இடது மட்டும் கொதிப்பதால் கோளாறு அந்தச் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது, அல்லது அதற்குப் போகும் ஹேண்ட் பிரேக் கேபிளில் இருக்கிறது. மைனரின் பின் வீல் சிலிண்டர், டிரம்முக்குப் பின்னால் சுற்றாமல் நிற்கும் பின்தகட்டில் ஒரு பிளவுக்குள் முன்னும் பின்னும் நகரும்படி அமைந்தது. ஹேண்ட் பிரேக் நெம்புகோலும் அதனூடேதான் செல்கிறது. ஒன்பது ஆண்டு நின்றதில் அந்தப் பிளவு துருவும் செம்மண்ணுமாக இறுகியிருக்கும். ஓட்டிவந்த உடனே காரைத் தூக்கி அந்தச் சக்கரத்தில் காற்று எடுக்கும் நிப்பிளை அரைச்சுற்று திறந்து பாருங்கள்: எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது, விடுபடாவிட்டால் கோளாறு நகரும் பாகத்திலோ கேபிளிலோதான்.

இவ்வளவும் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி. செய்ய வேண்டியது என்று என்னைக் கேட்டால், ஒன்றொன்றாகப் பார்க்காமல் ஆறு வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், மூன்று ரப்பர் குழாய் அனைத்தையும் ஒரே மூச்சில் புதிதாக்குங்கள் என்பேன். ஒன்பது ஆண்டு ஈரம் குடித்த எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் அரித்திருக்கும். வலது முன்பக்கத்தைச் சீராக்கினால் அழுத்தம் கூடி அடுத்த வாரம் இடது பின்பக்கம் கசியும். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்தோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடி விரிப்புக்குக் கீழே இருப்பதால் அதைப் பல முதலாளிகள் பார்த்ததே இல்லை. அதன் போல்ட்டை உருவ முயன்றால் முன்பக்க டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். அந்தக் கம்பியில் காரின் பாரமே முறுகி நிற்கிறது, பழக்கமில்லாதவர் தொடவேண்டாம். திரும்பப் போடும்போது போல்ட்டை எதிர்ப்பக்கமிருந்து செருகச் சொல்லுங்கள். அடுத்த முறை அந்தக் கம்பியை அசைக்காமலே கழற்றலாம். இரும்புக் குழாய்களை மாற்றினால் செம்பும் நிக்கலும் கலந்த குழாய் நம் ஈரக் காற்றுக்கு ஏற்றது. நட்டு மட்டும் கவனம்: உங்கள் காருக்கு வேண்டியது 3/8 அங்குல மரை, கடைகளில் கைக்கு அகப்படும் 10 மில்லிமீட்டர் நட்டு பார்வைக்கு அதேபோல் இருக்கும், முடுக்கினால் மரையைத் தின்றுவிடும்.

டிஸ்க் பிரேக் யோசனையைத் தள்ளிவையுங்கள். முக்கால் டன் எடையுள்ள காருக்கு டிரம் பிரேக் போதும், சீராக இருந்தால். கசியும் மாஸ்டர் சிலிண்டருக்கு டிஸ்க் மாட்டினாலும் அது கசியும் டிஸ்க் பிரேக்தான். சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி என்ற வேலையும் கூடவே வரக்கூடும்.

வேலை முடிந்ததும் முதல் ஓட்டம் தோட்டத் திடலில், நடை வேகத்தில். பிறகு பீடோர் பழைய சாலையில் இரண்டு வாரம் ஓட்டி, லைனிங் படிந்தபின் திருகுகளை மறுபடி சரிபார்த்து, அதன்பின் மலையை நினைக்கலாம். தாப்பா சாலையில் ஏறுவதில் பிரச்சினை இல்லை. இறங்கும்போது டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். ஆகவே எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும், ஏனெனில் உங்கள் காரின் முதல் கியர் ஓடும்போது எளிதில் விழாது.

கேள்வி: என்னிடமும் மைனர்தான். எங்கள் லயத்துக்குப் போகும் ஏற்றத்தில் நின்று பின்னோக்கி உருளும்போது பிரேக் பாதிதான் பிடிக்கிறது. முன்னோக்கிப் போகையில் குறையே இல்லை. எதை மாற்றவேண்டும்?
– வாசகர், சிலிம் ரிவர்

பதில்: எதையும் மாற்றவேண்டாம். முன்சக்கரத்தின் இரண்டு ஷூக்களும் முன்னோக்கிச் சுற்றும்போது டிரம்மே அவற்றை இழுத்து இறுக்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால் அந்த உதவி இரண்டுக்கும் கிடைக்காது. ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கைப் பழகுங்கள். அது பிடிக்கவில்லை என்றால் அதுதான் பழுது.

கேள்வி: சென்ற மாதம் வாங்கிய ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் காரில் பிரேக் எண்ணெய் குறைந்திருந்தது. ஒரு பட்டறையில் கையிலிருந்த இஞ்சின் எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். நான்கு நாள் நன்றாக இருந்தது. இப்போது மிதித்துவிட்டால் பிரேக் திரும்பி வருவதே இல்லை. எண்ணெயை மாற்றினால் போதுமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: போதாது. ரப்பர் பால் வெட்டிய குடும்பத்தில் பிறந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன், ஆனாலும் இந்தக் கடிதம் மாதம் ஒன்று வருகிறது. நாசி லெமாக் பொட்டலத்தில் வரும் ரப்பர் வளையம் ஒன்றை ஜாம் போத்தலில் இஞ்சின் எண்ணெய் ஊற்றி ஓரிரவு போட்டுவையுங்கள். மற்றொன்றைப் பிரேக் எண்ணெயில் போடுங்கள். காலையில் முதல் வளையம் தடித்து, நீண்டு, தொட்டால் கொழகொழவென்றிருக்கும். இரண்டாவது ஏறக்குறைய போட்டபடியே இருக்கும். உங்கள் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளும் அதே கதைதான்: ஊதிய ரப்பர், எண்ணெய் திரும்பி வரும் நுண்துளையை மூடிக்கொண்டது.

ரப்பர் உள்ள ஒவ்வொரு பாகத்தையும், குழாய்கள் உட்பட, எறிந்துவிட்டு, இரும்புக் குழாய்களை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் கழுவி, காற்றால் உலர்த்திய பிறகே புதியவற்றை மாட்டவேண்டும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அருகில் வரக்கூடாது. புதிய ரப்பரைப் பூட்டும்போது பிரேக் எண்ணெயையே தடவுங்கள், கிரீஸ் வேண்டாம்.

எந்த எண்ணெய் என்று அடுத்த கடிதம் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். பிரேக் எண்ணெயின் தர வகைகளில் டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது; 3.7 விழுக்காடு ஈரம் சேர்ந்தால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டாட் 4க்கு அவை 230, 155. நான் டாட் 4 ஊற்றுவேன், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவேன். டாட் 5 சிலிக்கான் வகை. அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. திறந்து பாதி மிஞ்சிய போத்தலை அலமாரியில் சேர்த்துவைக்காதீர்கள், காற்றிலுள்ள ஈரத்தை அது குடித்துக்கொண்டே இருக்கும். சாயத்தின் மேல் சிந்தினால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். தாமதித்தால் சாயம் தோலாக உரிந்து வரும்.

கேள்வி: ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது என் பழைய டட்சன் 120 ஒய் காரின் பிரேக் திடீரென்று போய்விட்டது. ஓரமாக நிறுத்தி அரைமணி கழித்துப் பார்த்தால் பழையபடி பிடிக்கிறது. அப்படியே விடலாமா?
– வாசகர், தாப்பா

பதில்: விடக்கூடாது. பெடல் கல்லாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் லைனிங்கும் பேடும் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கின்றன. பெடல் தரைக்குப் போயிருந்தால் எண்ணெயில் ஊறிய ஈரம் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆறியதும் ஆவி மீண்டும் நீராவதால்தான் பிரேக் "திரும்பி வந்தது". நீங்கள் எதுவென்று எழுதவில்லை. எப்படியிருந்தாலும் எண்ணெய் முழுவதையும் மாற்றுங்கள், காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்குங்கள், கண்ணாடிக் குழாயில் வரும் எண்ணெய் தேநீர் நிறத்திலிருந்து வெளிறிய மஞ்சளாகும்வரை நிறுத்தாதீர்கள்.