பசிலில் புலி, போர்டில் எலி!

கேள்வி: ஏனுங்க, எங்க பொண்ணு எட்டாவது படிக்கிறாள். லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் தினமும் ஒரு மணி நேரம் செஸ் பசில் போடுகிறாள், அதில் ரேட்டிங் 1900-ஐத் தாண்டியாச்சு. ஆனால் திருப்பூர், கோவை என்று டோர்னமென்ட் கூட்டிப் போனால் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தையே கோட்டை விட்டுவிட்டு வருகிறாள். ஈரோட்டு இனியன் 2019-லேயே கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். இவளைச் சென்னைக்கு அனுப்பினால்தான் தேறுவாளோ?
- ஒரு தகப்பனார், கோபிசெட்டிபாளையம்

பதில்: சென்னையெல்லாம் இப்போதைக்கு வேண்டாமுங்க. முதலில் அவள் பசில் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் கவனியுங்கள். பார்த்த மாத்திரத்தில் கை போகிறதென்றால் கோளாறு அங்கேதான். வெள்ளைக் குதிரை டி5 கட்டத்தில், கறுப்பு ராஜா இ8-ல், யானை ஏ8-ல் நின்றால், குதிரையை சி7-க்குத் தாவவிட்டுச் செக் கொடுத்து யானையைத் தூக்கிவிடலாம் என்று அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் டி8-ல் கறுப்பு ராணி நிற்கிறதா என்று பார்த்தாளா? நின்றால் குதிரைதான் காலி. பசிலில் தப்பானால் அடுத்ததுக்குப் போய்விடலாம், டோர்னமென்ட்டில் தொட்ட காயை நகர்த்தியே ஆகணும். அதைவிட, 'இந்த இடத்தில் ஒரு வெட்டு (ஆதாயம் தரும் தந்திர நகர்த்தல்) இருக்கு' என்று காதில் சொல்ல அங்கே ஆளும் கிடையாது.

அதனால் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லுங்கள். பத்து போதும். எதிராளியின் நல்ல பதில் எது, அதற்கு நம் பதில் எது என்று கடைசி வரை வாயால் சொன்ன பிறகுதான் காயைத் தொடணும். ரேட்டிங் கொஞ்சம் இறங்கும், இறங்கட்டும். அப்புறம், தோற்ற ஆட்டத்தின் ஸ்கோர்ஷீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கம்ப்யூட்டரைத் திறக்காமல், எந்த இடத்தில் வெட்டைத் தவறவிட்டோம் என்று அவளே தேடிப் பிடிக்கட்டும், அந்த நிலையை நோட்டில் வரைந்து வைத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி போடட்டும். அவளுக்கு அதைவிட நல்ல பசில் எந்த ஆப்பிலும் இல்லை.

கேள்வி: செஸ்ஸில் டாக்டிக்ஸ் (வெட்டு மாதிரியான தந்திரங்கள்) மட்டும் போதுமா, ஓப்பனிங் (ஆரம்ப நகர்த்தல்கள்) மனப்பாடம் பண்ணணுமா?
- கல்லூரி மாணவர், பெருந்துறை

பதில்: ஓப்பனிங்கை அப்புறம் பார்த்துக்கலாம், காய்கள் குறைந்த கடைசிக் கட்டமான முடிவாட்டம் படிங்க தம்பி. 2024 உலக செஸ் சாம்பியன்ஷிப் போட்டியின் 14-ஆவது ஆட்டத்தில், குகேஷை எதிர்த்து ஆடிய டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலாக யானையை எஃப்2-ல் வைத்ததும், குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டு பிஷப்பை டி5-க்குக் கொண்டுவந்து அதையும் மாற்றவைத்தார். வெட்டு சின்னதுதான். ஆனால் மிஞ்சும் ராஜா-சிப்பாய் ஆட்டம் ஜெயிப்புதான் என்று தெரிந்தவனுக்குத்தான் அது கண்ணில் படும்.